நீ நிமிர்ந்து பார்க்கும் ஏழு நொடி

இரண்டு வருடமும் சில மாதமும் மட்டும் என்னை இடுப்பில் வைத்திருந்த என் அம்மாவுக்கு,

உன்னை நீ என்பதா, நீங்கள் என்பதா என்று தெரியாமல் இரண்டு நாள் இந்தத் தாளை வெறுமனே வைத்திருந்தேன். அப்பாவையும், உனக்குப் பிறகு அவர் கட்டிக்கொண்ட சின்னம்மாவையும் வாங்க, போங்க என்றுதான் சொல்கிறேன். நீ கண்ணை மூடியபோது எனக்கு வந்ததே நாலைந்து வார்த்தை. அந்த வயதில் யாருக்கு மரியாதை வரும்? அதனால் நீ என்றே எழுதுகிறேன். தப்பென்றால் கோபித்துக்கொள்.

எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது அம்மா. எழுதினால் வருகிறது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள். பத்தாவதில் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டேன். யாரும் துரத்தவில்லை, நானேதான் நின்றேன். இப்போது எனக்குப் பதினேழு. அன்னூரில் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வைண்டிங் பட்டறை இருக்கிறது. கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் என்கிற சுருளைச் சுற்றுகிறேன். அங்கே பேச வேண்டியதில்லை. சுற்றை எண்ண வேண்டும். மோட்டார் ஓடாவிட்டால் கோளாறு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அது எனக்கு நன்றாக வருகிறது. உனக்கும் அப்படி ஏதாவது நன்றாக வந்ததா?

உன் போட்டோ என்னிடம் மூன்று இருக்கிறது. இரண்டில் தலை குனிந்திருக்கிறாய். மூன்றாவது ரேஷன் கார்டுக்காக எடுத்தது. அதில் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாய். நீ எப்படி நடப்பாய், எப்படித் திரும்புவாய், சிரித்தால் முகம் என்ன ஆகும், எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா உன் பேரைச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சின்னம்மாகூட "உங்கம்மா" என்று சொல்வார்கள். அப்பா அதுவும் சொல்ல மாட்டார். பேச்சு உன் பக்கம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அப்பா உன்னை மறந்துபோய்விட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அட்டாலியில் இருந்த சாமானை எல்லாம் சின்னம்மா இறக்கிக் கொடுக்க, நான் கீழே வாங்கி வைத்தேன். பழைய போர்வையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்த ஒன்று மட்டும் நல்ல கனமாக இருந்தது. பிரித்தால் டெக்கு. கேசட் போட்டுப் படம் பார்ப்பார்களே, அந்தக் காலத்து டெக்கு. முன்பக்கத்து மூடியைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே ஒரு கேசட் இருந்தது.

அப்பா மில்லுக்குப் போயிருந்தார். சின்னம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஓடுதா பார்க்கலாம் என்றார்கள். கேபிள் பெட்டியிலிருந்து டி.வி.க்குப் போகும் மூன்று கலர் வயரைக் கழற்றி டெக்கில் மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் உள்ளே ஏதோ தூங்கி எழுந்தது போல உருண்டது. பிளேயை அமுக்கினேன்.

டி.வி. முழுக்க மழை. கறுப்பும் வெள்ளையுமாக ஒரே இரைச்சல் புள்ளி, ஓர் உருவமும் தெரியவில்லை. ஆனால் சத்தம் மட்டும் பக்கத்து அறையில் பேசுவது போல அவ்வளவு சுத்தமாக வந்தது. ஒரு சினிமாப் பாட்டு முடிந்தது. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டை ஏற்றிவிடுவார்களாம். அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் கொஞ்சம் இடைவெளி. அதில் மண்டபத்துச் சத்தம் அப்படியே கேட்டது. ஓர் ஆள், வீடியோ எடுக்கிறவராகத்தான் இருக்க வேண்டும், "ஒருக்கா நிமுந்து பாரு அம்மணி, பொண்ணு மொகமே உளுகலை" என்றார்.

அதற்கு ஒரு பெண் குரல்: "போதுமுங்ணா, கண்ணு கூசுதுங்ணா."

பிறகு ஒரு சிரிப்பு. அடுத்த பாட்டு வந்து மூடிவிட்டது.

சின்னம்மா கையில் விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் உன்னைப் பார்த்ததில்லை, உன் குரலைக் கேட்டதில்லை. விளக்குமாறைச் சுவரில் சாய்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணுன்னா உங்கம்மாதானுங் கண்ணு" என்றார்கள். பன்னிரண்டு வருடம் போர்வைக்குள் இருந்துவிட்டு நீ பேசிய முதல் பேச்சு, போதும் என்பது. எனக்கா போதும்? எனக்கு இப்போதுதானே ஆரம்பம்?

அன்றைக்கு ஒன்று முடிவு செய்தேன். அந்த இடத்தில் நீ நிமிர்ந்திருக்கிறாய். மூன்று போட்டோவிலும் இல்லாத, சிரிக்கிற உன் முகம் அந்த மழைக்குள் இருக்கிறது. அதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சின்னம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர்கள் சரி என்றார்கள். ஏன் என்று கேட்கவில்லை.

பட்டறையில் செய்வது போலவே செய்தேன். முதலில் டி.வி. அதே வயரில் கேபிள் பெட்டியை மாட்டினால் படம் பளிச்சென்று வந்தது. ஆகவே டி.வி.யும் வயரும் குற்றமில்லை. அடுத்து கேசட். வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பூஞ்சணம் பிடித்திருந்தால் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்குமாம். இதில் அப்படி இல்லை. கறுகறுவென்று மினுங்கியது. நாடா எங்கும் கசங்கவும் இல்லை. மிச்சம் இருந்தது டெக்கு.

சத்தம் நன்றாக வந்து படம் மட்டும் ஏன் வரவில்லை? இதற்கு விடை தேடிப் போனில் நாலைந்து நாள் பார்த்தேன். யாரோ வெளிநாட்டுக்காரர் டெக்கைத் திறந்து காட்டினார். அவர் பேசியது பாதிக்குமேல் புரியவில்லை. கை புரிந்தது. அம்மா, அதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு அந்த வீடியோவையே ராத்திரி முழுக்கப் பார்த்தேன்.

அந்த நாடா அரை அங்குல அகலம்தான். சத்தத்தை அதன் ஓரத்தில் ஒரே நேர்கோடாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்க அசையாமல் நிற்கும் ஒரு சின்னத் தலை போதும். படம் அப்படியில்லை. அதைச் சாய்த்துச் சாய்த்து, கோடு கோடாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படிப்பதற்கு உள்ளே கொஞ்சம் சாய்ந்த ஓர் உருளை, வெள்ளிச் சொம்பைக் கவிழ்த்தது போல, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று. நான் காயில் சுற்றுகிற மோட்டார் கிட்டத்தட்ட அதே வேகம்தான். கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுகிற வேகமும், கறுப்பு நாடாவிலிருந்து ஒரு முகத்தை மேலே எடுக்கிற வேகமும் ஒன்று என்றால் யார் நம்புவார்கள்?

அந்த உருளையில் எதிரெதிராக இரண்டு முனை இருக்கிறது. எள்ளைவிடச் சிறியது. ஒவ்வொரு முனையும் ஒரு கோட்டைப் படிக்கும். ஒரு கோட்டில் பாதிப் படம், அடுத்த கோட்டில் மீதிப் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் நீ முழுசாக வருவாய். அந்த முனையில் ஒரு துளி அழுக்குப் பட்டாலும் படம் மழையாகிவிடும், சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. நம் டெக்குக்கு நடந்தது அதுதான்.

காரணம் தெரிந்த சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். நம் வீட்டில் எதைத் துடைக்கவும் மில் பஞ்சுதான், உனக்குத் தெரியும். காயத்துக்கு, காதுக்கு, விளக்குத் திரிக்கு, எல்லாவற்றுக்கும் அப்பா கொண்டுவரும் சுத்தமான பஞ்சு. பிளக்கைக் கழற்றிவிட்டு, மேல் மூடியின் திருகாணிகளைக் கழற்றி, அந்தப் பஞ்சைக் கொஞ்சம் ஸ்பிரிட்டில் நனைத்து, உருளையை மேலும் கீழுமாக நன்றாகத் தேய்த்தேன். பஞ்சு கறுத்துப்போய் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

மூடியைப் போட்டு ஓடவிட்டேன். படம் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. ஒரு கணம் உருவம், ஒரு கணம் மழை, மாறி மாறிக் கண்ணைக் கூசவைத்துத் துடித்தது. அதன் நடுவே சிவப்புப் புடவை ஒன்று நடந்து போனது. நீதான் என்று நினைக்கிறேன். ஒரு முனை படிக்கிறது, மற்ற முனை செத்துவிட்டது என்று புரிந்தது. உடனே நிறுத்திவிட்டேன். உன்னில் பாதியை என் கையாலேயே அழித்துவிட்டேன் என்று கிணற்றடிக்குப் போய் அழுதேன். இந்த மாதிரி டெக்கு இனிமேல் எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் யார் வாங்கித் தருவார்கள்?

சின்னம்மாதான் தேடி வந்தார்கள். அழுது முடித்துவிட்டாயா என்று கேட்டுவிட்டு, டெக்கை அரிசிப் பையில் போடச் சொன்னார்கள். இரண்டு பேரும் பஸ் ஏறிக் காந்திபுரம் போனோம். சின்னம்மா விசாரித்து விசாரித்து, பழைய டி.வி. எல்லாம் அடுக்கி வைத்திருந்த ஒரு ரிப்பேர் கடையைக் கண்டுபிடித்தார்கள். கடைக்காரர் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஏனுங்க, உங்க ஊருக்குப் பழைய இரும்புக்காரன் வர்றதில்லீங்களா என்று கேட்டார்.

"வாரானுங்க," என்றார்கள் சின்னம்மா. "உங்க கடைக்கும் வழி சொல்லி உடட்டுங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையை மேலே தூக்கி வைத்து மூடியைக் கழற்றினார். எதில் துடைத்தாய் என்று என்னைக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. சின்னம்மா, நல்ல மில் பஞ்சுங்க, ஒரு தூசி இருக்காதுங்க என்று பெருமையாகச் சொன்னார்கள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கோயமுத்தூர்க்காரங்க பூராத்துக்கும் இதே வேலைங்க. புண்ணுக்கும் பஞ்சு, திரிக்கும் பஞ்சு, ஹெட்டுக்கும் பஞ்சு. அந்தக் காலத்துல என்ற கடை ஓடுனதே இந்தப் பஞ்சுனாலதானுங்க."

பஞ்சு இழை விடுமாம். அந்த இழை ஹெட்டில், அதாவது முனையில், மாட்டிக்கொண்டால் முனை நாடாவைத் தொடாது. பிடித்து இழுத்தால் முனை ஒடிந்துவிடும். மேலும் கீழும் தேய்த்தும் இன்னும் ஒடியாமல் இருப்பதே அதிசயம் என்றார். அவர் அதில் கை வைக்கவில்லை. ஒடிந்தால் மாற்று கிடையாது, பழி எனக்கு வேண்டாம் என்று சொல்லி, செய்யும் விதத்தை மட்டும் சொல்லி மூடியைத் திரும்பவும் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

செல்போன் ரிப்பேர் கடையில் துடைக்க வைத்திருக்கும் ஐபிஏ என்ற திரவத்தைக் கொஞ்சம் வாங்கி வந்தோம். என் பழைய ரெக்கார்டு நோட்டில் எழுதாத பக்கம் ஒன்றைக் கிழித்து, விரல் அகலத்துக்கு மடித்து, அதில் நனைத்தேன். தாளை உருளையின் மேல் சும்மா தொடும்படி வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தாள் அசையக்கூடாது. மறு கையால் உருளையைத்தான் மெல்லச் சுற்ற வேண்டும். நூல்போல மெலிந்த கம்பியைக் கையில் வைத்துப் பழகிய விரல் அம்மா, அசையாமல் பிடித்தேன். நாலாவது சுற்றிலோ ஐந்தாவது சுற்றிலோ தாளில் கறுப்பாக ஒரு கோடு. அதன் நுனியில் ஓர் இழை. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தால்தான் தெரிகிறது. இந்த ஓர் இழைதான் உன்னில் பாதியை மறைத்துக்கொண்டிருந்ததா?

ஈரம் காய ஒரு மணி நேரம் பொறுத்தேன். கேசட்டை முதலிலிருந்து வைத்தேன். சின்னம்மா என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்கள்.

நீ வந்தாய்.

எப்படிச் சொல்வேன்? படத்தின் அடியில் மட்டும் ஒரு கோடு நெளிந்துகொண்டிருந்தது. டிராக்கிங் பட்டனைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்க அமுக்க அது கீழே இறங்கி, திரையை விட்டுப் போயே போய்விட்டது. பித்தளைக் குடம், வாழைமரம், மாலை, எல்லாம் கலரில். மாப்பிள்ளையின் தங்கை நிற்க வேண்டிய இணைச்சீர்ச் சடங்கில் அத்தை கூடையோடு அப்பா பக்கத்தில் நின்றார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து வருகிற இன்றைய அத்தை இல்லை, என்னைவிடக் கொஞ்சம் பெரிய பெண். அப்பாவுக்கு மீசை அரும்பாக இருந்தது. சின்னம்மா, உங்கப்பனுக்கு இத்தனை முடி இருந்திருக்குது பாரு, என்ற காலத்துக்கு ஒண்ணத்தையும் உட்டு வெக்கலை என்றார்கள். நான் சிரித்துவிட்டேன்.

நீ நடக்கும்போது இடது காலை முதலில் வைக்கிறாய். மாலை பாரம் தாங்காமல் அடிக்கடி தோளை ஆட்டுகிறாய். யாரோ காதில் சொன்னதற்கு உதட்டைக் கடித்துக்கொள்கிறாய். இதெல்லாம் நானும் செய்வேன் அம்மா. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீ நடந்ததை நான் பார்த்ததே இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது எனக்கு? அரை அங்குல நாடா ஒன்றில் நீ எப்படி இருக்கிறாய் என்பதைவிட இது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் முழுக்கத் தலை குனிந்தே இருக்கிறாய். தாலி கட்டும்போதும், கால் கழுவும்போதும், சொந்தக்காரர்கள் வந்து நின்று போட்டோ எடுக்கும்போதும். கல்யாணப் பெண் நிமிர்ந்தால் ஊர் பேசும் என்று யார் சொல்லி வைத்தார்கள்? பரவாயில்லை, அந்த இடம் கடைசியில் வரும் என்று காத்திருந்தேன். பாட்டு முடிந்தது. வீடியோக்காரர் குரல் கேட்டது, ஒருக்கா நிமுந்து பாரு அம்மணி. உன் நெற்றிச் சுட்டி மெல்ல மேலே அசைந்தது.

உடனே மழை. உன் குரல், உன் சிரிப்பு, எல்லாம் சுத்தமாகக் கேட்டது. முகம் மட்டும் இல்லை. அடுத்த பாட்டு ஆரம்பித்து ஓரிரண்டு நொடியில் படம் தெளிந்துவிட்டது. நீ மறுபடியும் குனிந்திருந்தாய்.

திரும்ப ஓட்டினேன். அதே இடம், அதே மழை. டெக்கின் எண் ஓடும் சின்னத் திரையைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். மழை ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணில் ஆரம்பித்து, சரியாக ஏழு நொடியில் நின்றது. மறுநாள் பட்டறை முதலாளியம்மாவிடம் அவர்கள் கல்யாணக் கேசட்டைக் கேட்டேன். நான் வாய் திறந்து ஒன்று கேட்டதே அவர்களுக்கு அதிசயம். பாத்துச் சிரிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு தந்தார்கள். அது முதலிலிருந்து கடைசிவரை ஒரு புள்ளி இல்லாமல் ஓடியது. ஆகவே டெக்கில் கோளாறு இல்லை. கோளாறு நம் கேசட்டில், அதிலும் அந்த ஏழு நொடியில் மட்டும்.

அது எப்படி? நாடா கசங்கியிருந்தால் சத்தமும் கெட்டிருக்கும். பூஞ்சணமாக இருந்தால் அக்கம்பக்கமும் பரவியிருக்கும். இரண்டு மணி நேரக் கல்யாணத்தில், நீ நிமிரும் இடத்தை மட்டும் தேடிப் பிடித்து எது தின்றது?

மேல்மூடி இல்லாமல் முதலாளியம்மாவின் கேசட்டை ஓடவிட்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தங்கச்சி இலையில் பாயசம் ஊற்றிக் குடிக்கும் ஓர் இடத்தில் சிரிப்பாக இருக்கிறதே என்று நிறுத்தினேன். படம் அப்படியே நின்றது. நாடாவும் நின்றது. ஆனால் உருளை நிற்கவில்லை அம்மா. அதே வேகத்தில், நின்ற நாடாவின் அதே இடத்தின்மேல், சுற்றிக்கொண்டே இருந்தது. உடனே ஓடவிட்டுவிட்டேன்.

மோட்டாரில் எந்த இடம் உரசுகிறதோ அந்த இடத்துப் பூச்சுத்தான் தேயும். எனக்குத் தெரிந்த வேலை அது. நாடாவை ஓடவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் அந்த முனை அதையே தேய்த்துக்கொண்டிருக்கும். படம் தேயும். நேர்கோட்டில் இருக்கும் சத்தத்தை அது தொடாது, அதனால் குரல் அப்படியே இருக்கும். அதுவும் ஒரு தடவை நிறுத்தினால் தேயாது. ஐந்து நிமிடம் ஆனால் டெக்கே தானாக நாடாவை விட்டுவிடுகிறது, பிறகு யாராவது மறுபடி பின்னால் ஓட்டி மறுபடி நிறுத்த வேண்டும். அதையே எத்தனை நாள் செய்தால், எத்தனை நூறு தடவை செய்தால், ஏழு நொடி முழுக்கத் தேயும்?

நீ போனபிறகு மூன்று வருடம் நான் அத்தை வீட்டில் வளர்ந்தேன். சின்னம்மா வந்த பிறகுதான் என்னைக் கூட்டி வந்தார்கள். அந்த மூன்று வருடம் இந்த வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள்.

சின்னம்மாவிடம் சொன்னேன். அவர்கள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. டெக்கை அந்த வருடங்களில்தான் மில்லில் யாரிடமோ அப்பா வாங்கினாராம், ஊரே சிடி பார்க்க ஆரம்பித்த பிறகு. தெருவில் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் வந்த அன்னிக்கு அது டி.வி.க்குப் பக்கத்துலதான் இருந்துதுங் கண்ணு. மறாநாளு காங்கலை. எடுத்து வெய்யுங்கன்னு நான் சொல்லவே இல்லை. எனக்காவ எடுத்து வெச்சுப்போட்டாரு." கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஒருக்காலாச்சும் நான் கேட்டிருக்கோணும்" என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு முதல் ஷிப்டு. நாலரைக்கு வருவார் என்று தெரியும். இந்தத் தடவை நான் மறைக்கவில்லை. அவர் வரும் நேரத்துக்குக் கேசட் கடைசிப் பக்கம் ஓடும்படி வைத்தேன்.

வண்டிச் சத்தம் கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றியவர் பாட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். தலைமுடியில் மில் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருந்தது. டி.வி.யில் நீ தோளை ஆட்டிக்கொண்டிருந்தாய். அவர் என்னைப் பார்க்கவில்லை, சின்னம்மாவைத்தான் பார்த்தார். சின்னம்மா நகர்ந்து பாயில் இடம் விட்டார்கள். உள்ள வாங்க, உங்க கல்யாணத்துக்கு நீங்களே வெளிய நின்னா எப்புடி என்றார்கள். அப்பா வந்து உட்கார்ந்தார்.

பாட்டு முடியப் போகிறது. எனக்கு முன்பே அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்த எடம் வராது சாமி," என்றார். "நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

வீடியோக்காரர் உன்னை நிமிரச் சொன்னார். மழை வந்தது. அப்போது அப்பா, திரையைப் பார்த்துக்கொண்டே, மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்.

"இப்ப நிமுறுவா. லைட்டு மூஞ்சில அடிக்குது. கைய நெத்திக்குக் குடுப்பா, வளையல் பூரா முழங்கைக்கு எறங்கும்..." மழைக்குள் உன் குரல் போதும் என்றது. "ஒத்தக் கண்ண மூடிக்குவா. எடது கண்ணு. இப்பச் சிரிப்பா. பல்லுத் தெரியக் கூடாதுன்னு உதட்ட இழுப்பா, அப்பறம் முடியாது, சிரிச்சுருவா."

அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவர் நின்றுவிட்டார்.

"அப்பறமுங்க?" என்று கேட்டார்கள் சின்னம்மா.

அப்பா உன் பேரைச் சொன்னார் அம்மா. என் காதால் கேட்டேன். உன் பேரைச் சொல்லிவிட்டு, "அப்பறம் இந்தப் பக்கம் திரும்பி என்னையப் பாப்பா" என்றார்.

திரையில் படம் அதற்குள் தெளிந்திருந்தது. நீ குனிந்திருந்தாய். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நான் பார்த்துவிட்டேன். நாடாவில் இல்லாத ஒரு முகத்தை, அவர் சொல்லச் சொல்ல, வளையல் இறங்கியது முதல் இடது கண் மூடியது வரை பார்த்தேன். மழையாகத் தெரிந்தது கோளாறு இல்லை. பார்த்துப் பார்த்து அந்த இடம் நாடாவைவிட்டு அவருக்குள் போயிருக்கிறது. இப்படி ஒன்று உலகத்தில் நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. இத்தனை வருடம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனது எதைத் தூக்கிக்கொண்டு என்று இப்போது தெரிகிறது. மறந்துவிட்டார் என்று நினைத்தேனே, அதற்காக உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

கேசட் முழுவதையும் போனில் பதிந்து வைத்துவிட்டேன். டெக்கு இப்போது அட்டாலியில் இல்லை. சின்னம்மா டி.வி.க்குப் பக்கத்தில் துணி விரித்து வைத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவே போடச் சொன்னார். அன்றைக்கு நீ பந்தியில் எதையெல்லாம் சாப்பிடாமல் ஒதுக்கினாய் என்று சொன்னார். கத்தரிக்காயாமே?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அம்மா. அந்த ஏழு நொடியில் உன்னை நான் நிறுத்தவே மாட்டேன். ஓடவிடுவேன். மழை வரும்போதெல்லாம் அப்பா பக்கம் திரும்பி, வாய் திறந்து, சத்தமாக, இப்ப என்னங்கப்பா பண்றாங்க என்று கேட்பேன். அவர் சொல்ல முடியாமல் போகும் ஒரு காலம் வந்தால், அன்றைக்கு நான் சொல்வேன். வளையல் எந்தப் பக்கம் இறங்கியது என்பதுவரை பிழையில்லாமல் சொல்வேன்.

உன்னைப் போலவே இடது காலை முன்வைத்து நடக்கும்,
உன் ஒரே மகள் தாரணி